சோழியில் கணக்கிட்ட நிலா

பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. சார்பு என்றாலே பலருக்கு அலர்ஜி. ஆனா திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அதைத் தினமும் மதிப்பிடுகிறார்கள். வட்டக் கட்டரால் 100 சதுர செ.மீ. துணியை வெட்டித் தராசில் வைப்பார்கள். 1.6 கிராம் காட்டினால் 160 ஜிஎஸ்எம். எடை உள்ளே போகிறது, நூறால் பெருக்கு என்பது விதி, ஜிஎஸ்எம் வெளியே வருகிறது. ஏன் நூறு என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிட மாட்டார்கள். அப்போ அவருக்குக் கணக்குத் தெரியுமா, தெரியாதா?

இதே கேள்வி 1825இல் பாண்டிச்சேரியில் எழுந்தது. ஜான் வாரன் என்பவர் அங்கே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான அட்டவணையை வைத்து, அந்த ஆண்டு மே 31 – ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. தாளும் இல்லை, பேனாவும் இல்லை.

அந்த அட்டவணைதான் வாக்கிய முறையின் உயிர். நிலாவின் வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். அப்படி 9 சுற்றுக்குக் கிட்டத்தட்ட சரியாக 248 நாள். எனவே 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். எண்ணை எழுத்தாக்கும் கடபயாதி முறையில் அமைந்தவை. 'கமலம்' என்றால் க 1, ம 5, ல 3. பின்னாலிருந்து படித்தால் 351. அவ்வளவுதான்.

கலி நாள் எண்ணிலிருந்து ஒரு நிலை எண்ணைக் கழித்து, மீதியை 12372, 3031, 248 என்று வரிசையாக வகுக்க வேண்டும். ஒவ்வொரு ஈவுக்கும் ஒரு கோணம் சேரும். கடைசி மீதிதான் வாக்கியத்தின் எண். உதாரணமாக, 248க்கு வரும்போது 700 மிச்சம் என்று வையுங்கள். 700இல் இரண்டு 248 போனால் மீதி 204. ஒரு 248க்கு 27 பாகை 44 கலை 6 விகலை. இரண்டுக்கு 55 பாகை 28 கலை 12 விகலை. அதோடு 204ஆம் வாக்கியத்தின் மதிப்பைக் கூட்டு. நாள் உள்ளே, நிலாவின் இடம் வெளியே. சைன் எதுவும் தேட வேண்டாம். அது ஏற்கனவே வாக்கியத்துக்குள் கரைந்திருக்கிறது. எங்க தொழிலில் இதை லுக்அப் டேபிள் என்போம்.

இந்த மனிதருக்குக் கோட்பாடு ஒரு சொல்கூடப் புரியாது, நினைவாற்றல்தான் அபாரம் என்று வாரன் எழுதினார். பாதி நியாயம். அட்டவணையே பிசகியிருந்தால் சோழி அதைக் காட்டிக் கொடுக்காது. ஆனால் அன்றைய மாலுமி மடக்கை அட்டவணையைப் புரட்டித்தானே கப்பலோட்டினார்? அதை அவரே வருவித்தாரா என்ன?

ஆட்டோ நியூகெபவர் 1952இல் இந்தக் கணக்கைத் திரும்ப ஆராய்ந்தார். அவருக்குப் பிழையின் அளவு பெரிதாகத் தெரியவில்லை. இதே 248 நாள் வட்டம் வராகமிகிரரிடமும், அதற்கு முன் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருப்பதைக் காட்டினார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வயதான சார்பு ஒன்று, 1825இலும் பாண்டிச்சேரித் தரையில் சோழிகளால் ஓடிக்கொண்டிருந்தது.