ஆண்களே இல்லாத பாறைப்பல்லி

இன்னைக்கு ஆர்மீனியாவுக்குப் போறோம். செவான் ஏரிப் பக்கம் காய்ந்த புல்லும் வெடித்த பாறையுமா மலைச்சரிவுகள். அந்த வெடிப்புகளுக்குள்ளே உள்ளங்கையில் அடங்கிடுற ஒரு சின்னப் பல்லி. நம்ம கதாநாயகி அதுதான். ஏன் கதாநாயகின்னு சொல்றேன்? இருங்க.

1950-கள். இலியா தாரெவ்ஸ்கி என்ற சோவியத் விலங்கியலாளர் இந்தப் பாறைப்பல்லிகளைப் பிடித்து, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணுகிறார். சில இடங்களில் அத்தனையும் பெண்!

"சாம்பிள் சரியில்லை"ன்னு விட்டுட்டுப் போறது ரொம்ப சுலபம். நானா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆபீஸ்ல ஒரு டேபிள்ல ஒரு காலம் எப்பவுமே காலியா வந்துச்சு. "டேட்டா வரலை போல"ன்னு மூணு மாசம் கண்டுக்காம இருந்தேன். கடைசியில பிழையே அங்கதான் இருந்தது.

தாரெவ்ஸ்கி அப்படி விடவில்லை. அந்தப் பல்லிகளின் முட்டைகள் பொரிந்தபோது, வந்த குஞ்சுகளும் பெண்களே. 1958-ல் தன் முடிவை வெளியிட்டார்: இவை ஆண் துணையே இல்லாமல் பெருகுகின்றன. அசுவினி மாதிரி பூச்சிகளில் இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். முதுகெலும்புள்ள ஒரு விலங்கு இயற்கையிலேயே தலைமுறை தலைமுறையா இப்படி வாழுதுன்னா, நம்பவே கஷ்டம். அதுவும் லைசென்கோவின் செல்வாக்கில் மரபியலே ஒடுக்கப்பட்டிருந்த சோவியத்தில்!

எப்படி நடந்தது? இரண்டு வேறு இனப் பல்லிகள் கலந்ததில் பிறந்தவை இவை. ஆர்மீனியப் பாறைப்பல்லிக்குத் தாய்வழி மிக்ஸ்டா, தந்தைவழி வாலென்டினி. கோடு மொழியில சொன்னா, ரெண்டு பிராஞ்ச் ஒரு தடவை மெர்ஜ் ஆச்சு. அப்புறம் எல்லாமே காப்பி.

இதில் லாபம் உண்டு: புது இடத்தில் ஒரே ஒரு பெண் போதும், ஒரு கூட்டமே உருவாகலாம். 1963-ல் உக்ரைனின் டெட்டெரிவ் ஆற்றோரப் பாறைகளில் கொண்டுபோய் விட்ட ஆர்மீனியப் பல்லிகள் அங்கேயே நிலைத்துவிட்டன.

நஷ்டமும் உண்டு. எல்லாம் ஏறக்குறைய ஒரே நகல் என்றால், ஒன்றைச் சாய்க்கிற நோய் எல்லாவற்றையும் சாய்க்கலாம். இதே வகையில் பெண்கள் மட்டுமே உள்ள ரோஸ்டம்பெகோவ் பல்லி, இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

இந்தப் பல்லிகளின் பேரினத்துக்கு இப்போ பெயர் என்ன தெரியுமா? தாரெவ்ஸ்கியா. காலியா இருந்த ஒரு காலத்தை "ஏன்?"னு கேட்டவரோட பெயர். உங்க டேபிள்லயும் அப்படி ஒண்ணு இருந்தா, இன்னைக்கே ஒரு தடவை பாத்துடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.