லொறிச் சாரதியும் கண்காணிப்பும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றைப் பொறிகளின் வரலாறாக மட்டும் நோக்குவது போதாது. அது தொழிலாளியின் நேரத்தை அளந்து கட்டுப்படுத்தியதன் வரலாறுமாகும். சூரியனையும் பருவத்தையும் கொண்டு தன் வேலையை வகுத்த மனிதன், தொழிற்சாலை மணிக்குக் கட்டுப்பட்ட மனிதனாக மாறியதை ஈ.பி.தொம்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்தார். வேலை பற்றிய அறிவு தொழிலாளியின் கையிலிருந்து பிரிக்கப்பட்டு முகாமையின் கைக்கு மாற்றப்பட்டதை ஹரி பிரேவர்மன் 1974இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். இவ்விரு போக்குகளுக்கும் நெடுங்காலம் ஓரளவு புறம்பாக நின்ற தொழிலாளர் பிரிவினருள் நெடுந்தூர லொறிச் சாரதிகள் முக்கியமானவர்கள். அவர்களது வேலைத்தளம் ஓரிடத்தில் நிற்பதன்று. மேற்பார்வையாளர் எவரும் அவர்களைப் பின்தொடர்ந்து செல்லுதல் இயலாது. இந்த விதிவிலக்கு ஐக்கிய அமெரிக்காவில் எவ்வாறு படிப்படியாக மறைந்தது என்பதையும், சாரதியின் இருக்கைக்கு எதிரே பொருத்தப்படும் கமராவைச் சாரதிகள் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்காணிப்பின் முதற் கருவி கமரா அன்று, தாள் ஏடே. 1935ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம், மாநிலங்களுக்கிடையிலான லொறித் தொழிலை மாநிலங்களிடை வர்த்தக ஆணைக்குழுவின் அதிகாரத்துள் கொணர்ந்தது. ஆணைக்குழு 1930களின் பிற்பகுதியில் சாரதிகளின் வேலை நேரத்துக்கு வரம்பு விதித்தது. ஒவ்வொரு சாரதியும் நாளின் இருபத்துநான்கு மணித்தியாலங்களையும் ஏட்டிற் பதியவேண்டியவரானார். ஓய்வு, படுக்கையறையிற் கழித்த நேரம், வாகனம் செலுத்திய நேரம், செலுத்தாது வேலையில் இருந்த நேரம் என நான்கு வகைகளாக அந்நாள் பிரிக்கப்பட்டது. களைப்புற்ற சாரதியாலே வீதியிற் செல்வோர் உயிரிழத்தலாகாது என்பதே இவ்விதிகளின் நோக்கம். அந்நோக்கத்தின் நியாயத்தை எவரும் மறுத்தல் இயலாது.

ஆயின் அதே காலப்பகுதியில் நிகழ்ந்த பிறிதொன்றும் கவனத்துக்குரியது. 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் நியமங்கள் சட்டம் அமெரிக்கத் தொழிலாளருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவை உறுதிசெய்தபோது, ஆணைக்குழுவின் நேர வரம்புக்கு உட்பட்ட சாரதிகள் அவ்வுரிமையிலிருந்து விலக்கப்பட்டனர். நேரம் அளக்கப்பட்டது, ஆனால் அளக்கப்பட்ட நேரத்துக்கு மேலதிக ஊதியம் அளிக்கப்படவில்லை. நெடுந்தூரச் சாரதிகளுட் பெரும்பாலோர் ஓடிய மைல் கணக்கிலேயே கூலி பெற்றனர். இன்றும் அவ்வாறே பெறுகின்றனர். பண்டசாலை வாயிலில் பொருள் ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் மணித்தியாலங்களுக்குப் பெரும்பாலும் கூலியில்லை. இருந்தாலும் அது சொற்பமே. சட்டம் மணித்தியாலத்தால் அளக்க, முதலாளி மைலால் அளந்தார். இவ்விரண்டு அளவைகளுக்கும் இடையிலேதான் சாரதியின் வாழ்வு சிக்குண்டது.

இம்முரண்பாட்டின் விளைவே பொய்யேடு. சாரதிகள் தமது நேர ஏட்டைச் 'சித்திரக்கதைப் புத்தகம்' எனக் கேலியாக அழைத்தனர். ஒரே நாளுக்கு இரண்டு ஏடுகள் வைத்திருந்தோரும் உளர். இதனைச் சாரதிகளின் நேர்மையீனம் எனக் கொள்வோர் பிரச்சினையின் பாதியையே காண்கின்றனர். குறித்த நேரத்திற் சேரமுடியாத சுமையை ஏற்பித்துவிட்டு ஏட்டைப் பாராதிருந்த நிறுவனங்கள் இப்பொய்யின் பயனைப் பெற்றன. பிடிபட்டபோது தண்டனைக்கு முதலில் உள்ளானவர் சாரதியே. எனினும் ஏடு சாரதியின் கையால் எழுதப்பட்டது என்ற உண்மையை மறத்தலாகாது. எப்போது உறங்குவது, புயலொன்று ஓயும்வரை எங்கே தரித்து நிற்பது என்பவற்றைத் தாமே தீர்மானிக்கும் சிறியதோர் இடைவெளியை அது அவருக்கு விட்டுவைத்தது.

இவ்விடைவெளி சுருங்கியமைக்குத் தொழினுட்பம் மட்டும் காரணமன்று. 1964இல் ஜிம்மி ஹொஃபாவின் தலைமையில் ரீம்ஸ்ரர்ஸ் தொழிற்சங்கம் செய்துகொண்ட தேசிய சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தம் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை ஒரே ஒப்பந்தத்தின் கீழ்க் கொணர்ந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியின்போது சொந்த லொறி வைத்திருந்த சாரதிகள் நெடுஞ்சாலைகளை மறித்துப் போராடினர். சொந்த லொறிச் சாரதிகளின் சங்கமும் அவ்வாண்டிலேயே தோன்றிற்று. இவ்வாறு பலம் பெற்றிருந்த தொழிற்றுறையை 1980ஆம் ஆண்டின் சட்டம் தலைகீழாக்கியது. ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட அச்சட்டம் கட்டணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திப் புதிய கம்பனிகளுக்கு வழிதிறந்தது. போட்டி பெருகிற்று, சரக்குக் கட்டணம் வீழ்ந்தது, தொழிற்சங்கத்தின் பிடி தளர்ந்தது, சாரதியின் மெய்யூதியமும் வீழ்ந்தது. இம்மாற்றத்தை ஆராய்ந்த மைக்கல் பெல்சர், 2000ஆம் ஆண்டில் வெளியான தமது நூலுக்குச் சில்லுகளின் மேல் ஓடும் வியர்வைக்கூடம் என்ற பொருளில் தலைப்பிட்டமை பொருத்தமானதே. பிற்காலக் கண்காணிப்புக் கருவிகள் யாவும் பலமிழந்த இத்தொழிலாளர் மீதே பொருத்தப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஐரோப்பிய அனுபவம் இவ்விடத்து ஒப்பிடத்தக்கது. வேகத்தையும் நேரத்தையும் வட்டத்தாளிற் கீறும் ரக்கோகிராப் என்னும் கருவியை ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் கட்டாயமாக்கியது. பிரித்தானியச் சாரதிகள் இதனை 'வண்டிக்குள் இருக்கும் ஒற்றன்' என அழைத்து எதிர்த்தனர். பிரித்தானிய அரசு அதனை நடைமுறைப்படுத்தத் தயங்கியமையால் ஐரோப்பிய நீதிமன்றம் 1979இல் அவ்வரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயினும் நேரப்பதிவில் தொடங்கிய இக்கருவி முதலாளியின் மிகையான கோரிக்கைகளுக்கு எதிரான சான்றாகவும் சாரதிக்குப் பயன்படக்கூடியதாயிற்று. கருவியின் தன்மையை அது நிலவும் தொழில் உறவுகளே பெரிதும் நிர்ணயிக்கின்றன என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். குவால்கொம் நிறுவனம் லொறிகளுக்கான செய்மதித் தொடர்பு முறையை அவ்வாண்டில் அறிமுகப்படுத்தியது. சாரதி எங்கே நிற்கிறார் என்பதை அலுவலகத்திலிருந்தே அறிதல் சாத்தியமாயிற்று. தன்னியக்க நேரப்பதிவுக் கருவிகளை விரும்பிய கம்பனிகள் பயன்படுத்தவும் அதே ஆண்டில் விதி அனுமதியளித்தது. இலத்திரனியற் பதிவை விரிவாக்கும் நோக்குடன் 2010இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதியை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. இக்கருவி சாரதிகளைத் தொல்லைப்படுத்தும் சாதனமாக மாறாதிருக்க வழிசெய்யப்படவில்லை என்பதே அதற்குக் காரணம். எனினும் 2012இல் காங்கிரஸ் சட்டமியற்ற, 2015இல் புதிய விதி வகுக்கப்பட்டு, 2017 டிசம்பர் 18 முதல் இலத்திரனியல் ஏடு பெரும்பாலான நெடுந்தூர லொறிகளுக்குக் கட்டாயமாயிற்று. நியாயமற்ற சோதனைக்கு எதிரான அரசியலமைப்புப் பாதுகாப்பை இது மீறுகிறது எனச் சொந்த லொறிச் சாரதிகளின் சங்கம் தொடுத்த வழக்கை 2016இல் நீதிமன்றம் நிராகரித்தது. லொறித் தொழில் அரசின் நெருங்கிய ஒழுங்குபடுத்தலுக்கு நெடுங்காலம் உட்பட்டதாகையால் அங்கு அந்தரங்கத்துக்கான எதிர்பார்ப்பு குறைவு என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. இவ்வாறு ஏட்டை எழுதும் கை மாறிற்று. முன்பு சாரதி எழுதினார். இப்போது எஞ்சின் எழுதுகிறது.

கமராவின் வருகையை இத்தொடர்ச்சியில் வைத்தே விளங்கிக்கொள்ளவேண்டும். 1998இல் சன் டியேகோவில் தோன்றிய டிரைவ்காம் நிறுவனத்தின் கருவி, திடீர்த் தடையோ மோதலோ ஏற்படும்போது அதற்கு முன்னும் பின்னுமான சில செக்கன்களைப் பாதுகாத்து வைத்தது. பின்னர் வந்த கருவிகள் வீதியையும் சாரதியின் முகத்தையும் ஒருங்கே நோக்கின. இன்றைய கருவிகள் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் கண்ணிமை தாழ்வதையும் தலை திரும்புவதையும் தொலைபேசி கையில் இருப்பதையும் தாமாகவே இனங்கண்டு எச்சரிக்கின்றன. நேர ஏடு சாரதியின் வேலையைப் பதிந்தது. கமரா அவரது உடலையே பதிகிறது.

சாரதிகள் கமராவை முற்றாக வெறுக்கின்றனர் எனக் கூறுவது பிழை. வீதியை நோக்கிய கமராவைப் பலர் விரும்பியே ஏற்கின்றனர். சிறு காரொன்று திடீரெனக் குறுக்கே புகுந்து விபத்து நேரும்போது பெரும் லொறியின் மீதே முதலிற் பழி வீழ்கிறது. அப்போது தமது பக்கத்து நியாயத்தை நிரூபிக்க அக்கமராவே சாட்சி. எதிர்ப்பு உட்புறம் நோக்கிய கமராவின் மீதே குவிகிறது. லொறித் தொழிற்றுறையைச் சார்ந்த அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், உட்புறக் கமராவுடன் வேலைசெய்த சாரதிகள் அதற்கு வழங்கிய சராசரி மதிப்பு பத்துக்கு 2.24 மட்டுமே. முதலாளிமாரின் சங்கத்தோடு தொடர்புடைய நிறுவனமே இம்முடிவை வெளியிட்டமை கருதத்தக்கது.

இவ்வெதிர்ப்பின் காரணங்களை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, நெடுந்தூரச் சாரதிக்கு லொறி வேலைத்தளம் மட்டுமன்று. வாரக்கணக்கில் உண்டு, உடுத்தி, உறங்கி வாழும் இல்லமுமாகும். வேலை நேரத்தில் நோக்கும் கண் ஓய்வு நேரத்தில் உண்மையாகவே மூடியிருக்கிறதா என்பதை அறிய அவருக்கு வழியில்லை. இரண்டாவது, பொறி காண்பது எப்போதும் உண்மையன்று. பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதைக் கவனச் சிதறலாகவும், மற்றொருவரின் தவறால் அழுத்திய தடையைச் சாரதியின் தவறாகவும் அது கணக்கிடக்கூடும். தன் பக்க நியாயத்தைக் கூற இடமின்றி அக்கணக்கு அவரது பெயரின் கீழ்ச் சேர்கிறது. மூன்றாவது, இருபது முப்பது ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டியவரின் அனுபவ அறிவுக்கு மதிப்பில்லாது போகிறது. எமது தோட்டப்புறத்துக் கங்காணி என்ற சொல்லிலேயே கண்ணும் காணலும் உள்ளன. அக்கங்காணி எத்துணைக் கொடியவனாயினும் தொழிலாளி அவன் முகத்தைப் பார்த்து மறுமொழி கூற முடிந்தது. கமராவுக்கு மறுமொழி கூறுவது எங்ஙனம்?

எதிர்த்தரப்பு வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 2014 ஜூனில் நியூ ஜேர்சி நெடுஞ்சாலையில் வோல்மார்ட் நிறுவனத்தின் லொறியொன்று பயணிகள் வாகனமொன்றின் பின்புறத்தில் மோதியதில் ஒருவர் உயிரிழந்தார். அச்சாரதி இருபத்தெட்டு மணித்தியாலங்கள் உறங்காதிருந்ததைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டறிந்தது. வேலைக்கு வரும் முன்னரே அவர் தமது வீட்டிலிருந்து தொலைதூரம் காரோட்டி வந்திருந்தார். ஆயின் அவரது கடமை நேரம் பதினான்கு மணித்தியால வரம்பைத் தாண்டியிருக்கவில்லை. ஏடு காணாத களைப்பைக் கமரா காணும் என்பது கமராவை ஆதரிப்போரின் வாதம். காப்புறுதிச் செலவும் இதனோடு சேர்கிறது. ரெக்சாஸ் மாநிலத்தில் 2018இல் லொறி நிறுவனமொன்றின் மீது யூரிமார் ஏறத்தாழ 9 கோடி டொலர் நட்டஈடு விதித்தனர். 2025இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியபோதிலும், இத்தகைய தீர்ப்புகள் தோற்றுவித்த அச்சம் கமராவின் பரவலை விரைவுபடுத்தியது.

ஆனால் கண்காணிப்புப் பெருகினால் பாதுகாப்பும் பெருகும் என்ற முடிவுக்கு அனுபவம் முழுமையாகத் துணைநிற்கவில்லை. இலத்திரனியல் ஏடு கட்டாயமாக்கப்பட்டதன் விளைவுகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியலாளர், நேர வரம்பு மீறல்கள் குறைந்தமையைக் கண்டனர். ஆயின் விபத்துகள் குறைந்தமைக்குச் சான்று கிட்டவில்லை. சிறு நிறுவனங்களின் சாரதிகளிடையே வேகமீறல் அதிகரித்திருந்தது. காரணம் வெளிப்படை. நேரம் இறுக்கப்பட்டது; கூலியோ மைலிலேயே தங்கிநின்றது. பண்டசாலை வாயிலில் இழந்த நேரத்தைச் சாரதி வீதியில் ஈடுசெய்ய முயன்றார். சமூகவியலாளர் கரன் லெவி 2022இல் வெளியிட்ட தமது நூலில், சாரதியின் களைப்புக்குப் பொருளாதாரமே வேராக இருக்கையில் கண்காணிப்புத் தனிமனிதனையே திருத்த முனைகிறது எனச் சுட்டிக்காட்டுகிறார்.

அண்மைய போராட்டங்கள் இரு வேறு திசைகளைக் காட்டுகின்றன. 2023இல் யூ.பி.எஸ். நிறுவனத்துடன் ரீம்ஸ்ரர்ஸ் தொழிற்சங்கம் ஏறத்தாழ 340,000 தொழிலாளர் சார்பாகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், சாரதியை நோக்கிய கமராவுக்கு எதிரான பாதுகாப்பு வென்றெடுக்கப்பட்டது. மறுபுறம், அரிசோனா மாநிலத்து உணவு விநியோக நிறுவனமொன்றில் மதிய உணவு வேளையில் கமராவை மூடிய சாரதிக்கு மேற்பார்வையாளர் குறுஞ்செய்தியாற் கண்டனம் அனுப்பினார். தொழில் உறவுகள் சபை அதனைச் சட்டவிரோதக் கண்காணிப்பெனக் கருதியது. 2024இல் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் சபையின் முடிவை நிராகரித்தது. அமைப்பாகத் திரண்டோர் ஒப்பந்தத்தாற் பெற்றதைத் தனித்து நின்றவர் வழக்காலும் பெற முடியவில்லை.

இதுவரை நோக்கியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சாரதிகள் கேட்பது கண்ணில்லாத வீதியையன்று. பதிவை யார் வைத்திருப்பது, எப்போது எவர் பார்ப்பது, அதற்கு மறுமொழி கூறும் உரிமை உண்டா என்பவையே அவர்களது வினாக்கள். 1938இல் உயிர்காக்கும் நோக்குடன் நேரம் அளக்கப்பட்டபோது, மேலதிக நேர உழைப்புக்கு மேலதிக ஊதியம் அளிக்கும் கடமை விலக்கப்பட்டது. அந்தக் குறை இன்றுவரை நிவர்த்திக்கப்படவில்லை. ஏட்டுக்கு மேல் செய்மதி, செய்மதிக்கு மேல் கமரா எனக் கருவிகள் அடுக்கப்பட்டபோதும், சாரதியைக் களைப்புறச் செய்யும் காரணம் எக்கருவியின் கண்ணிலும் படவில்லை. பண்டசாலை வாயிலில் சாரதி இழக்கும் மணித்தியாலத்தையும் கூலிக்குரிய நேரமாக எண்ணத் தொடங்கும் நாளிலேயே வீதியின் பாதுகாப்பும் சாரதியின் மானமும் ஒன்றுக்கொன்று பகையாக நில்லாதொழியும்.