கறிக்கு எந்தக் கரி?

கறி சுட எந்தக் கரி நல்லது என்று துபாயிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருந்தார். (ற, ர பார்த்து எழுதுங்கப்பா!) தட்டினால் கணீரென்று ஒலிப்பதை எடுங்கள். பழுப்பாக இருந்தால் அரைவேக்காடு. புகைந்து கறி கசக்கும். மேலே சாம்பல் பூத்த பிறகே கறியை வையுங்கள்.

நம் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரி சீமைக்கருவேலத்தில் எடுப்பது. அமெரிக்காவில் கறி சுடப் பெயர்பெற்ற மெஸ்கீட் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. காமராசர் கொண்டுவந்த மரம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அவர் பிறந்ததே 1903-ல். ஜமைக்கா விதை 1877-லேயே சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் விறகுக்காக ஊன்றப்பட்டுவிட்டது.

மழை பொய்த்த வருடங்களில் நம் ஊர்களுக்குச் சோறு போட்டது கரிமூட்டம்தான். விறகை அடுக்கி, சருகு மூடி, மண் பூசித் தீ வைத்தால் இரவு பகலாகக் காவல். மண்ணில் விரிசல் விட்டால் காற்று புகுந்து எல்லாம் சாம்பல். வெள்ளைப் புகை நீலமாக மெலிந்தால் வெந்துவிட்டது. துளைகளை அடைத்து ஆறவிடுவார்கள்.

2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரங்களை அகற்றச் சொன்னது. வயலையும் கண்மாயையும் கெடுத்த மரம், மறுக்கவில்லை. ஆனால் என் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கியது மூட்டக் காசில்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்தால், இப்போது மூட்டை என்ன விலை போகிறது என்று எழுதுங்கள்.