அப்பா வீட்டுப் பெயர்

ஜூலியா என்றால் ‘இளமையானவள்’ என்று பெயர்ப் புத்தகங்கள் பொருள் போட்டிருக்கும். அப்படியே நம்பிவிட வேண்டாம். கிரேக்கத்தில் ‘யூலோஸ்’ என்றால் பையன்களின் கன்னத்தில் முதலில் அரும்பும் பூனைமயிர். அதைப் பிடித்து இளமைக்கு இழுத்துவிட்டார்கள்! இந்தப் பெயருக்கு மூலமான ரோமின் ஜூலியஸ் குடும்பத்தார் சொல்லிக்கொண்ட கதையே வேறு: ட்ராயிலிருந்து தப்பி வந்த ஈனியாஸின் மகன் யூலுஸ் வழி வந்தவர்கள் தாங்கள், ஈனியாஸைப் பெற்றவள் வீனஸ் தேவி. கி.மு. 69-இல் தன் அத்தை இறந்தபோது, இரங்கல் உரையிலேயே ஜூலியஸ் சீசர் இந்தக் குலப்பெருமையைப் பேசினார்.

அந்த அத்தை பெயர் ஜூலியா. சீசரின் சகோதரிகள் இருவர் பெயரும் ஜூலியா. மகள் பெயரும் ஜூலியா. அன்றைய ரோமில் பெண்ணுக்கென்று தனியாகப் பெயர் வைக்கும் வழக்கம் அநேகமாக இல்லை. அப்பாவின் குலப்பெயரைப் பெண்பாலாக்கினால் முடிந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றால் பெரியவள், சின்னவள்.

சீசரின் சகோதரி பேரன் ஆக்டேவியஸ். அவனுடைய அக்கா ஆக்டேவியா. சீசர் உயிலில் அவனைத் தத்தெடுக்க, அவன் ஜூலியஸ் ஆனான். அதனால் கி.மு. 39-இல் பிறந்த அவன் மகள் ஜூலியா ஆனாள். குழந்தை பிறந்த அன்றே அவள் தாயை விவாகரத்து செய்தான். பின்னாளில் அகஸ்டஸ் என்ற பேரரசன் ஆனவன் இவன்தான்.

மகளை மூன்று முறை கட்டிக்கொடுத்தான். மூன்றும் அரசியல் கணக்கு. கி.மு. 18-இல் கள்ள உறவைக் குற்றமாக்கி ஒரு சட்டம் கொண்டுவந்தான். சட்டத்துக்கான லத்தீன் சொல் பெண்பால். ஆகவே அவன் குலப்பெயரைச் சூட்டியபோது அதற்கும் ‘ஜூலியா சட்டம்’ என்றே பெயர். கி.மு. 2-இல் அதே குற்றத்தைச் சொல்லி மகளைப் பண்டடேரியா தீவுக்கு நாடு கடத்தினான். மது கூடாது, அனுமதியின்றி ஆண்கள் பார்க்கக் கூடாது. கூடவே போனவள், அன்று தள்ளிவைக்கப்பட்ட தாய் ஸ்கிரிபோனியா. ஐந்தாண்டு கழித்து ரீஜியம் நகருக்கு மாற்றினார்கள்; கி.பி. 14-இல் அங்கேயே இறந்தாள். குடும்பக் கல்லறையில் அவளுக்கு இடம் தரக்கூடாதென்று அப்பா முன்பே சொல்லி வைத்திருந்தான்.

பெயர் மட்டும் சாகவில்லை. கோர்சிகா தீவின் காவல் புனிதை ஜூலியா. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலும் போலந்திலும் பெண் குழந்தைப் பெயர்களில் பல ஆண்டுகள் இதற்கே முதலிடம். (நம் ஊரில் ‘ஜூலி’ என்று கூப்பிட்டால் பல தெருக்களில் நாய்தான் ஓடி வரும், அது வேறு கதை.)

கோவைப் பக்கம் மண்ணுக்கடியில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் ஒரு வகையை அடிக்கடி காணலாம். ஒரு பக்கம் அகஸ்டஸின் தலை. மறுபக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளைஞர்கள், கயுஸ், லூசியஸ். அகஸ்டஸ் தன் பிள்ளைகளாகத் தத்தெடுத்துக்கொண்ட பேரன்கள். மகளைத் தீவுக்கு அனுப்பிய காலத்தை ஒட்டியே இந்தக் காசு அச்சாகத் தொடங்கியது. இருவரையும் பெற்றவள் ஜூலியா. காசில் அவள் பெயர் இல்லை.