காஞ்சி இட்டலியின் வயது என்ன?

காஞ்சிபுரத்திற்குச் செல்வோர் பட்டு வாங்குவர், கோயில்களைக் காண்பர். நீங்கள் செல்லும்போது இன்னொன்றையும் மறவாதீர்கள். அதுதான் வரதராசப் பெருமாள் கோயிலில் நாள்தோறும் படைக்கப்படும் இட்டலி. அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, இலை பரப்பிய நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள்.

"இது பல்லவர் காலத்துப் பண்டம்" என்று ஊரில் பலர் கூறக் கேட்பீர்கள். இக்கூற்றைச் சற்று ஆராய்வோமா?

இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலுக்கு வயது ஏறத்தாழ 1300 ஆண்டுகள். அவனுடைய கல்வெட்டுகளே அதற்குச் சான்று. இட்டலிக்கு அத்தகைய கல் சான்று கிடையாது, நூல்களையே நாடவேண்டும்.

கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இந்நாட்டார் ஆவியில் வேகவைக்கும் பாத்திரத்தை அறியார் என்று எழுதினார். ஆனால் இது நாடு முழுவதையும் பற்றிய பொதுக்குறிப்பு. பானையின் வாயில் துணி கட்டி வேகவைக்கத் தனிப் பாத்திரம் தேவையில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். எனவே இதை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது.

கி.பி. 920-ஐ ஒட்டிய 'வட்டாராதனெ' என்னும் கன்னட நூலில் 'இட்டலிகெ' என்ற பெயர் வருகிறது. 1025-இல் இயற்றப்பட்ட 'லோகோபகாரம்' அதன் செய்முறையைக் கூறுகிறது. மோரில் ஊறவைத்து அரைத்த உளுந்தே அதில் மூலப்பொருள். 1130-ஐ ஒட்டிய 'மானசோல்லாசம்' கூறுவதும் உளுந்துப் பண்டமே. அரிசி இவற்றில் இல்லை. ஆகவே, இன்றைய அரிசி-உளுந்து இட்டலி பல்லவர் காலத்தது என்பதற்கு இந்நூல்கள் துணை நிற்கவில்லை. பெயர் பழையது, பண்டம் காலப்போக்கில் மாறியிருக்கிறது.

வயது குறைந்தால் பெருமை குறையுமா? குறையாது. குடலைக்குள் நிகழும் அறிவியலைப் பாருங்கள். லியூகோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் வெளியிடுகின்றன. அமிலம் புளிப்பைத் தருகிறது. வாயுவை உளுந்தின் வழவழப்பு வெளியேறவிடாமல் பிடித்துக்கொள்வதால் மாவு பொங்குகிறது.

அடுத்தது வடிவம். வெப்பம் வெளிப்புறத்திலிருந்து மையத்தை அடைய வேண்டும். அதற்காகும் நேரம் பருமனின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். அதாவது, அதே வடிவில் பருமன் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். வீட்டு இட்டலி பத்து நிமிடங்களில் வெந்துவிட, கோயில் இட்டலிக்கு மணிக்கணக்கில் ஆவது இதனால்தான். ஆனால் குடலையின் நீளத்தைக் கூட்டினால் நேரம் ஏறக்குறைய மாறாது. வெப்பம் பக்கங்களின் வழியே புகுந்துவிடும். பருமனைக் கூட்டாமல் நீளத்தைக் கூட்டி ஒரே ஈட்டில் நிறைய வேகவைக்க இவ்வடிவம் உதவுகிறது. சமன்பாடு எழுதத் தெரியாதவர்களும் அனுபவத்தால் இதைக் கண்டிருக்கிறார்கள்.

கல்லில் பொறித்தது கேட்பாரற்றுக் கிடந்தாலும் நிலைக்கும். கைப்பழக்கமோ ஒரு தலைமுறை கைவிட்டால் மறையும். குடலை முடைபவரும் மடைப்பள்ளியில் மாவின் பதம் அறிந்தவரும் இருக்கும்வரைதான் இந்த இட்டலி. எனவே அடுத்த முறை காஞ்சியில் அதைச் சுவைக்கும்போது, 'எத்தனை ஆண்டு பழையது?' என்பதோடு நிறுத்தாமல், 'எப்படிச் செய்கிறீர்கள்?' என்றும் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நாளைய வரலாற்றுக்கு அதுவே சான்றாகும்.