விசையை அழுத்துவது நாம், முடிவெடுப்பது யார்?



அண்மையில் ஆங் மோ கியோவில் என் தமிழ் வகுப்பு மாணவன் ஒருவன் கண்கலங்கி நின்றான். மடிக்கணினியின் மூடியைத் திறந்தும் திரை ஒளிரவில்லையாம். விழிக்கட்டும் என்று மின்விசையை விடாது அழுத்தியிருக்கிறான். கணினி அணைந்தது, சேமிக்காத கட்டுரையும் போயிற்று. "எழுப்பத்தானே சார் அழுத்தினேன்?" என்றான். அக்கேள்விக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

ஆப்பிள் நிறுவனம் சிங்கப்பூரில் தன் முதல் அலுவலகத்தை 1981ஆம் ஆண்டு திறந்தது இதே ஆங் மோ கியோவில்தான். அக்காலத்து ஆப்பிள் 2 கணினியின் மின்விசை பின்புறத்தில் இருந்தது. விளக்கின் விசையைப் போலவே அது மின்சாரத்தைத் தரும் அல்லது துண்டிக்கும். இடையில் நின்று முடிவெடுப்பார் எவருமில்லை.

1982இல் பில் மாக்ரிட்ஜ் வடிவமைத்த, மூடியைத் திறந்து மடக்கும் கிரிட் காம்பஸ் வெளிவந்தது. பின்னர் மின்கலத்தில் இயங்கும் கணினிகள் பெருகவே, மின்சாரத்தைச் சேமிக்கக் கணினியை உறங்க வைக்கும் தேவை எழுந்தது. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் அதற்கென ஏபிஎம் முறையை வகுத்தன. 1995இல் இன்டெல் கொணர்ந்த ஏடிஎக்ஸ் அமைப்பில், மேசைக்கணினியின் விசை மின்சாரத்தைத் துண்டிப்பதை விட்டுத் தாய்ப்பலகைக்குச் செய்தி அனுப்பலாயிற்று. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறை, முடிவெடுக்கும் பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. அன்றுமுதல் விசையை அழுத்துவதும் மூடியைத் திறப்பதும் விண்ணப்பங்களே. எனினும் மென்பொருள் செயலற்றுப்போனால் நமக்கொரு கடைசி அதிகாரத்தை அவ்விதிமுறை விட்டுவைத்தது: விசையை 4 வினாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கணினி கட்டாயமாக அணையும். என் மாணவன் அறியாமல் பயன்படுத்தியது அதனையே.

2016இல் வந்த மாக்புக் புரோ இன்னும் ஒரு படி சென்றது. முழுமையாக அணைத்து வைத்த கணினியும் மூடியைத் திறந்தவுடன் தானே இயங்கத் தொடங்கியது. இன்றைய ஆப்பிள் சிலிக்கான் மடிக்கணினிகளில், 2024இல் வந்த செக்கோயா அல்லது அதற்குப் பிந்தைய இயங்குதளம் இருப்பின், முனையத்தில் ஒரு கட்டளை தந்து இதனை நிறுத்தலாம். ஆயினும் எத்தனை பேர் அவ்வளவு தூரம் செல்வர்? நாம் மாற்றாதவரை, தயாரிப்பாளர் வகுத்த இயல்பமைப்பே நம் முடிவாகிவிடுகிறது.

ஆகவே அவனிடம் மூன்று செய்திகள் சொன்னேன். மூடுமுன் சேமித்துவிடு. திரை இருண்டிருந்தால் விசையை ஒருமுறை மட்டும் தட்டிப் பொறுத்திரு. மூடிக்கும் விசைக்கும் என்ன பணி தரப்பட்டுள்ளது என்பதை அமைப்புகளில் நீயே பார்.

கட்டுரையை மீண்டும் எழுதித் தந்தான். முதலில் எழுதியதே நன்றாக இருந்தது என்கிறான். மறுக்க என்னிடம் சான்றில்லை!