ரோஜாவுக்கு முன்னால் ஒரு ரஃப் நோட்டு

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஓய்வாக உட்காரும்போது படியுங்கள்.

நம் பள்ளிக் குழுவில் சென்ற வாரம் ஒரு மாணவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்குப் போகிறேன் என்று அவர் மகன் ஒற்றைக் காலில் நிற்கிறானாம். கண்டித்தால், "ஏ.ஆர்.ரஹ்மான் மட்டும் படிச்சாரா?" என்று கேட்கிறானாம். ஆளுக்கொரு பதில் சொன்னீர்கள். "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நாலு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1992 ஆகஸ்ட் 15 அன்று 'ரோஜா' வெளிவந்தது. இசையமைத்தவருக்கு அப்போது வயது 25. அந்த ஆண்டுக்கான தேசிய விருது முதல் படத்துக்கே கிடைத்தது. 2009-இல் இரண்டு ஆஸ்கர். இந்த மூன்று வரியை மட்டும் படிக்கிற பையனுக்கு, ஒரு நாள் காலையில் வானத்திலிருந்து குதித்த மனிதராகத்தான் ரஹ்மான் தெரிவார். பையனைக் குறை சொல்ல முடியாது. அவன் கையில் இருப்பது ரஹ்மானின் ஃபேர் நோட்டு மட்டும். ரஃப் நோட்டை யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

ரஃப் நோட்டு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு எந்த இடத்தில் தப்பியது, எதை அடித்துத் திருத்தினோம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஃபேர் நோட்டில் விடை மட்டும் அழகாக இருக்கும். வருட முடிவில் ஃபேர் நோட்டு அலமாரிக்குப் போகும், ரஃப் நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

மேல்நாட்டில் பாட்டுக்காரர்களின் ரஃப் நோட்டை அச்சுப் போட்டு விற்கிறார்கள். அதற்கு பாக்ஸ் செட் என்று பெயர். மூத்த கலைஞர் ஒருவர் இளம் வயதில் பதிந்த முதல் முயற்சிகள், படத்திலோ இசைத்தட்டிலோ சேராமல் நின்றவை, ஒரே பாட்டின் நாலைந்து வடிவங்கள், எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஒரு பெட்டியில் போட்டு, கூடவே ஒரு குறிப்புப் புத்தகமும் வைப்பார்கள்.

பாப் டிலனுக்கு 1985-இல் 'பயோகிராஃப்' என்று ஐந்து இசைத்தட்டுகளில் 53 பாட்டுகள் வந்தன. 1991-இல் அதுவரை வெளியாகாதவற்றையும் அரியவற்றையும் திரட்டி 58 பதிவுகளாக இன்னொரு தொகுப்பு வந்தது. அந்த வரிசை இன்றும் நீண்டுகொண்டிருக்கிறது. பீட்டில்ஸ் குழு 1962 ஜனவரி 1 அன்று லண்டன் டெக்கா கம்பெனியில் தேர்வுக்குப் போய் 15 பாட்டுகள் பாடியது. கம்பெனி வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அந்த 15-இல் ஐந்து பாட்டுகளை 1995-இல் வந்த 'ஆந்தாலஜி' தொகுப்பின் முதல் பாகத்தில் வெளியிட்டார்கள். உலகம் கொண்டாடிய நால்வர் ஒரு காலத்தில் எப்படிப் பாடித் தோற்றார்கள் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் காதால் கேட்கலாம்.

ரஹ்மானுக்கு அப்படி ஒரு பெட்டி போட்டால் உள்ளே என்னென்ன இருக்கும்? எனக்குத் தெரிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன்.

அவர் பிறந்தது 1967 ஜனவரி 6. இயற்பெயர் திலீப் குமார். அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர், மற்ற இசையமைப்பாளர்களுக்கு வாத்திய அமைப்பு செய்து கொடுத்தவர். 1976-இல் அவர் இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அப்பா வாங்கி வைத்திருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. பதினோரு வயது வாக்கில் பையனே கீபோர்டு வாசிக்க வந்துவிட்டான். மாஸ்டர் தன்ராஜிடம் பாடம். அப்பாவின் நண்பர் எம்.கே.அர்ஜுனன் தன் குழுவில் வாசிக்க இடம் கொடுத்தார். பிறகு எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா, தெலுங்கில் ராஜ்-கோட்டி என்று பல பேரிடம் வாசித்தார். இதற்கு நடுவில் பள்ளிப் படிப்பு நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். அந்தப் பையன் படிப்பை விட்டது பிடிவாதத்தால் இல்லை. அம்மாவும் சகோதரிகளும் சாப்பிட வேண்டும் என்பதற்காக. முப்பது வருடத்துக்கு மேல் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்ட எனக்கு, வீட்டுக் கஷ்டத்தால் ஒரு பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு விழுவது எப்படி இருக்கும் என்று தெரியும். அதை யாரும் வெற்றிக்கு வழி என்று சொல்லிவிடக் கூடாது.

பெட்டியின் முதல் தட்டில், பெயர் போடாத வாசிப்புகள் இருக்கும். அந்தக் காலத்துக் கேசட் அட்டையில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர்கள் இருக்கும். கீபோர்டு வாசித்தவர் பெயர் இருக்காது. நீங்கள் சின்ன வயதில் கேட்ட ஏதோ ஒரு பாட்டில் அந்தச் சிறுவனின் விரல் இருந்திருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இரண்டாவது தட்டில் இளைஞர் குழுக்கள். டிரம்ஸ் சிவமணி, சுரேஷ் பீட்டர்ஸ் போன்ற நண்பர்களோடு 'ரூட்ஸ்' என்றொரு குழு. பிறகு 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழு. மேடையில் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் காற்றோடு போனது.

மூன்றாவது தட்டு விளம்பரங்கள். 1987-இல் ஆல்வின் கைக்கடிகாரத்துக்கு இசையமைத்தது தொடக்கம். அடுத்த ஐந்தாண்டுகளில் 300-க்கும் மேல் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்க உட்கார்ந்திருந்தோமே, அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் நாம் அவர் இசையைப் பெயர் தெரியாமலே கேட்டோம். விளம்பர இசை என்பது கடுமையான பயிற்சி. முப்பது வினாடிக்குள் ஒரு மெட்டு தொடங்கி, பொருளின் பெயரைச் சொல்லி, மனசில் ஒட்டிக்கொண்டு முடிய வேண்டும். வாடிக்கையாளருக்குப் பிடிக்காவிட்டால் மறுபடி போட வேண்டும். ரோஜாவில் முதல் நாலு நொடியிலேயே இது இந்தப் பாட்டு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே, அந்தப் பழக்கம் இங்கே வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

நான்காவது தட்டில் கேசட்டுகள். 1989-இல் 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமியத் தமிழ்ப் பக்திப் பாடல் தொகுப்பு. 1991-இல் மால்குடி சுபா ஆங்கிலத்தில் பாடிய 'செட் மி ஃப்ரீ'. வந்தபோது அது பெரிதாக ஓடவில்லை. இசையமைத்தவர் புகழ்பெற்ற பிறகு மறுபடி வெளியிட்டார்கள். சரக்கு அதேதான், கேட்கிற காதுதான் மாறியது.

கடைசித் தட்டில், மணிரத்னம் அவருடைய வீட்டு ஸ்டூடியோவுக்கு வந்தபோது போட்டுக் காட்டிய மெட்டு. லியோ காபி விளம்பரத்தால் அறிமுகம் ஏற்பட்டு, இயக்குநர் கோடம்பாக்கம் வந்தார். காவிரித் தண்ணீர்ப் பிரச்சினையால் மனம் பாதித்து அமைத்திருந்த ஒரு மெட்டை ரஹ்மான் போட்டார் என்றும், அதைக் கேட்டுத்தான் இயக்குநர் முடிவு செய்தார் என்றும் சொல்வார்கள். அந்த நாள் ஒலித்தது ஒரு டெமோ, அதாவது ரஃப் நோட்டின் ஒரு பக்கம்.

எண்ணிப் பாருங்கள். பதினோரு வயதிலிருந்து இருபத்தைந்து வரை, பதினான்கு வருடம். நம் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் ஆகிற காலத்தைவிட இரண்டு வருடம் கூடுதல். அதற்குள் மேற்கத்திய இசைக்கு டிரினிட்டி கல்லூரித் தேர்வும் எழுதியிருக்கிறார். படிக்காதவர் என்று எப்படிச் சொல்வது?

சரி, மேல்நாட்டுக்காரனுக்குப் பெட்டி இருக்கிறது, நம் பாட்டுலகத்தின் ரஃப் நோட்டு ஏன் கிடைப்பதில்லை? எனக்கு மூன்று காரணங்கள் படுகின்றன.

முதலாவது, நம் சினிமா இசை வேலை செய்த விதம். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார். இயக்குநர் தலையாட்டியதும் அது தாளில் ஸ்வரமாக ஏறும். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தானே எழுதிக் கொடுப்பார். மறுநாள் பெரிய குழு மொத்தமும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒன்றாக வாசித்துப் பதிவாகும். மெட்டுப் போட்டபோது டேப்பில் பதிந்திருந்தாலும் அது ஞாபகத்துக்காக மட்டும். நம் ரஃப் நோட்டு பெரும்பாலும் மனிதர் மனசிலேயே இருந்தது.

ரஹ்மான் இதைத்தான் மாற்றினார். வீட்டின் பின்புறம் அமைத்த 'பஞ்சதன்' கூடத்தில், தாளம் ஒரு நாள், கிதார் ஒரு நாள், குரல் ஒரு நாள் என்று அடுக்கடுக்காகப் பதிந்தார். முதல் நாள் போட்ட அடுக்கின் மேலேயே கடைசிப் பாட்டு நிற்கும். ரஃப் நோட்டும் ஃபேர் நோட்டும் ஒரே நோட்டாகிவிட்டன. தமிழ்ப் பாட்டுலகில் இது பெரிய திருப்பம்.

இரண்டாவது, உரிமை. விளம்பர இசை பொருள் விற்கிற கம்பெனிக்குச் சொந்தம். விளம்பரம் நின்றால் நாடாவும் கிடங்குக்குப் போகும். கம்பெனி மூடினால் கிடங்கும் போகும்.

மூன்றாவது, கேசட். மலிவாக வந்து வீட்டுக்கு வீடு பாட்டைக் கொண்டுபோனது. ஆனால் அழித்து மறுபடி பதியலாம் என்பதே அதன் சாபம். எத்தனை பக்திப் பாடல்களின் மேல் கல்யாண வீட்டு மேளச் சத்தம் பதிவாகியிருக்கும்!

"பழைய குப்பையைக் கிளறி என்ன ஆகப் போகிறது? பணம் பறிக்கிற வேலைதானே?" என்று சிலர் கேட்கலாம். அதில் நியாயம் உண்டு. யாருடைய ரஃப் நோட்டையும் அவர் சம்மதம் இல்லாமல் ஊருக்குக் காட்டுவது சரியில்லை. ரஹ்மான் நம்மோடு இருக்கிறார். காட்டுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. ஆனால் காட்டுவது வேறு, காப்பது வேறு. காத்து வைத்தால்தான் பிறகு முடிவு செய்யவே முடியும்.

இதற்கு இரண்டு உதாரணம். ஜான் லென்னன் 1970-களின் கடைசியில் வீட்டில் பியானோ வாசித்துப் பாடிய ஒரு பாட்டு சாதாரணக் கேசட்டில் இருந்தது. 1995-இல் நண்பர்கள் அதை முழுப் பாட்டாக்கப் பார்த்தார்கள். குரலைப் பியானோவிலிருந்து பிரிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். கணினி அந்தக் குரலைத் தனியே பிரித்துக் கொடுத்ததும், 2023 நவம்பரில் பீட்டில்ஸின் பாட்டாக அது வெளிவந்தது. நாடா பத்திரமாக இருந்ததால் நடந்தது.

இன்னொன்று நம் வீட்டுக் கதை. 'உசிலம்பட்டி பெண்குட்டி', 'ராசாத்தி' பாடிய ஷாகுல் ஹமீது 1997-இல் விபத்தில் இறந்தார். பம்பா பாக்யா 2022-இல் மறைந்தார். 2024-இல் 'லால் சலாம்' படப் பாட்டில் இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவால் ரஹ்மான் மறுபடி கொண்டுவந்தார். குடும்பத்தினரிடம் அனுமதி கேட்டு, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். இது சரியா தவறா என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் பழைய பதிவு இல்லாமல் எந்தக் கணினியாலும் ஒரு குரலை உண்டாக்க முடியாது.

இப்போது அந்தப் பையனுக்கு வருகிறேன். தம்பி, ரஹ்மானின் படப்பிடிப்பு வளாகமான ஏ.ஆர். ஃபிலிம் சிட்டி நம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில்தான் இருக்கிறது. நீ வேலைக்குப் போக நினைக்கிற சிப்காட்டும் அதே வட்டாரம். படிப்பை விட்டதால் அவர் அங்கே வந்து சேரவில்லை. விட்ட படிப்புக்கு ஈடாகப் பதினான்கு வருடம் இன்னொரு படிப்பு படித்தார். அந்தப் படிப்புக்கு உன்னிடம் ஒரு வாத்தியார், ஒரு வாத்தியம், ஒரு தினசரிப் பாடம் இருக்கிறதா? இருந்தால் அப்பாவிடம் உட்கார்ந்து பேசு. இல்லையென்றால் பிளஸ் டூவை முடி. சிப்காட்டிலும் ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்தவனுக்கு ஒரு கதவும், முடிக்காதவனுக்கு இன்னொரு கதவும் இருப்பதை உன் அப்பாவே உனக்குச் சொல்வார்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பொன்னேரி, பழவேற்காடு பக்கத்து ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை தெரிந்தால் உடனே பிளேயரில் போடாமல் முதலில் உலர விடுங்கள். சுற்று தளர்ந்திருந்தால் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றுங்கள், நாம் அப்போது செய்ததுதான். பிறகு கணினி தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்துப் பதிவு செய்து வையுங்கள். அட்டையையும் போட்டோ எடுங்கள், ஏனென்றால் பெயர்கள் அதில்தான் இருக்கின்றன. சினிமாப் பாட்டு எப்படியும் பிழைத்துக்கொள்ளும். பஜனைக் குழு, தெருக்கூத்து, தேவாலயப் பாடகர் குழு, மிலாது நபி விழா, பள்ளி ஆண்டு விழா, இவற்றின் கேசட் உங்கள் வீட்டில் மட்டுமே இருக்கலாம். அரிதானது என்று தோன்றினால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். பழைய புத்தகங்களோடு இசைத்தட்டுகளையும் காத்து வருகிறார்கள்.

உங்களிடம் என்னென்ன கேசட் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். 'தீன் இசை மாலை' அசல் அட்டையோடு யாரிடமாவது இருந்தால் ஒரு போட்டோ போடுங்கள், பார்க்க ஆசை. அந்தப் பையனின் அப்பா இந்தப் பதிவை வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்